சமுதாய நலக்கூடக் கழிவறையைத் திறந்து தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: செயலாளர், பகுதி சேவைச் சங்கம், சென்னை.
பெறுநர்: உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள், சென்னை.

ஐயா,

வணக்கம். மார்க்கெட் முனையில், ரேஷன் கடைக்கு எதிரே உள்ள கூடத்தைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற பொங்கலுக்குக் கோலப்போட்டிப் பரிசு கொடுக்க அங்கேதான் வந்திருந்தீர்கள். அன்று கழிவறை திறந்திருந்தது. அடுத்த மாதம் பூட்டினார்கள். இப்போது கார்த்திகை.

மூன்று மனு கொடுத்துவிட்டோம். முதலாவதற்கு ரசீது கிடைத்தது. இரண்டாவதற்கு, 'புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அதே பூட்டு, கூடுதலாகக் கொஞ்சம் துரு. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. ஆகவே மறுபடியும் பணிவோடு எழுதுகிறோம்.

1. எங்கள் சங்கம் ரோட்டரி பாணியில், வாரம் தவறாமல் வியாழன் மாலை 7 மணிக்கு இக்கூடத்தில் கூடி வந்தது. வாடகை பாக்கி கிடையாது. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸும் நண்பர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் சுழன்று கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. நாங்களும் இப்போது உறுப்பினர் வீடுகளில் சுழன்றுகொண்டிருக்கிறோம். பெருமைக்காக இல்லை, கழிவறைக்காக.

2. கூட்டத்தை எங்கும் நடத்திக்கொள்ளலாம். முகாமை எந்த மொட்டை மாடிக்குக் கொண்டுபோவது? மாதம்தோறும் இரண்டாவது ஞாயிறு கண் பரிசோதனை முகாம். கண்புரை என்று தெரிந்தவர்களை எழும்பூர் கண் மருத்துவமனைக்கு வேனில் அனுப்புகிறோம். 1819-இலிருந்து கண் பார்க்கும் இடம், அங்கே குறையில்லை. ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை அளவு தெரிய வேண்டும் என்பதால் அந்தப் பரிசோதனையையும் கூடத்திலேயே செய்துவிடுகிறோம்.

3. வயிறு எரிவது இங்கேதான், ஐயா. வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். அப்புறம் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. அதுவரை அங்கேயே உட்கார வேண்டும். வருபவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டிய பெண்கள். மீன் விற்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள். சர்க்கரை இருந்தால் அடிக்கடி சிறுநீர் முட்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டணக் கழிப்பிடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம். கேட் போட்டுவிட்டால் அவ்வளவுதான். சிறுநீர்ப் பரிசோதனைக்கு டப்பாவைக் கொடுத்தால், "எங்க தம்பி போறது?" என்று கேட்கிறார்கள். எங்களில் யாரும் பதில் சொல்வதில்லை. ஆளுக்கொரு மேசையை ஒழுங்குபடுத்தப் போய்விடுகிறோம். போன மாதம் ஒரு பாட்டி முதல்நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "போன தடவ புடவ நனைஞ்சிடுச்சுப்பா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. அடுத்த அரைமணியில் மயங்கிச் சாய்ந்தார். இரண்டாவது ரத்தம் எடுக்காமலே ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினோம். ஆபரேஷன் பட்டியலில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை. வரச்சொல்லி ஆள் அனுப்பினோம், வரவில்லை.

4. செலவு ஒன்றும் பெரிதில்லை. செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறது, ஒரு குழாய் உடைந்திருக்கிறது. ஆளை உள்ளே இறக்கச் சொல்லவில்லை, அது 2013 சட்டப்படி குற்றம்; கழிவுநீர் லாரி ஒரு நடை வந்தால் போதும். நாங்களே பணம் போடுகிறோம் என்றும் சொன்னோம். 'அரசுக் கட்டடத்தில் வெளியாள் கை வைக்கக்கூடாது' என்றார்கள். சரி. உள்ளே இருப்பவர்களையாவது கை வைக்கச் சொல்லுங்கள்!

5. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது இதே கூடத்தில்தான் சாம்பார் சாதம் பொட்டலம் கட்டினோம். போலியோ சொட்டு மருந்துக்கு இங்கேதான் எங்கள் ஆட்கள் நிற்பார்கள். அப்போதெல்லாம் சாவி ஒரே போனில் கிடைத்தது.

6. இப்போது அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். செயற்குழுவில் வாசித்தபோது இரண்டு வரியை அடிக்கச் சொன்னார்கள். அடித்துவிட்டேன், மிச்சம்தான் இது. அடுத்த முகாம் வரும் இரண்டாவது ஞாயிறு. அதற்குள் கழிவறையைத் திறந்து தருமாறு மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முழுக்கச் சரிசெய்ய நாளாகும் என்றால், பெண்கள் பக்கத்தை மட்டுமாவது, ஐயா.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், வாடகை ரசீதுகள், பூட்டின் புகைப்படம்.