வீடு விற்பனையில் இன வரம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்கும் இந்தியர் ஒருவர், ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காட்டு வீடுகளில் இருக்கலாம் என்று வரம்பிடும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் நட்டப்பட்டதாகச் சொன்னால், "எங்கள் குடும்பத்துக்கு அப்படி நடக்கவில்லையே" என்று ஒதுக்கிவிட வேண்டாம். எந்த புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்), எந்த மாதம் என்று கேளுங்கள்.

1989இல் வந்த இக்கொள்கையின்படி இப்போது ஒரு புளோக்கில் சீனர் வரம்பு 87%, மலாய்க்காரர் 25%, இந்தியரும் பிறரும் 15%. பல புளோக்குகள் சேர்ந்த பேட்டைக்குத் தனி வரம்பு உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது; சீனரோ யாருக்கும் விற்கலாம். வாங்க வருவோர் குறைவதால் விலை இறங்குகிறது. வரம்பு நிரம்பாத புளோக்கில் இருப்பவருக்கு இந்த வலி தெரியவே வராது.

வரம்பு நிரம்பியதா என்ற நிலவரம் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளிலும் மாறும்; விலை பேசுமுன் வீவக இணையத்தளத்தில் பாருங்கள். விற்கவே முடியாமல் தவிப்போர், 2022 முதல் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும்படி கோரலாம். இனங்கள் கலந்து வாழ்வது நல்லதே. அதன் செலவைச் சிறுபான்மையினரே அதிகம் சுமப்பது சரியல்ல.

வாசகர்கள் சிலர்,
சிங்கப்பூர்