முப்பது யூனிட் வீடுகளுக்காக ஒரு மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். இருபத்தைந்து வருடமாக வீடுகளுக்கு வயரிங் வேலை செய்து பிழைக்கிறவன் நான். உங்கள் நாட்டின் பாவனையாளன் இல்லை. நீங்கள் தீர்மானிக்கும் மின்சாரக் கட்டணத்தில் ஒரு சதம்கூட என் கையிலிருந்து வருவதில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா பிறந்தது மஸ்கெலியாப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் வந்தவர்கள் எங்கள் தாத்தா குடும்பத்தார். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலையில் அரசு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பாவின் அக்கா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் வீட்டார் சிலோன் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அத்தைக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. இன்றும் அதே தோட்டத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், மகன் குடும்பத்தோடு இருக்கிறார்.

2023 மார்ச்சில் ஒரு நாள் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை ஒரு தாளை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார். கரண்ட் பில். "நீ கரண்டு வேலை செய்றவன்தானே ஐயா, இது சரியான்னு பாத்துச் சொல்லு. ஒரு டிவி, மூணு பல்பு. இம்புட்டுக் காசா?" என்றார். மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். என் தொழிலில் பில் திடீரென்று எகிறினால் முதலில் மீட்டரையும், அப்புறம் எர்த் லீக்கேஜ் என்கிற மின்கசிவையும்தான் சந்தேகப்படுவோம். ரீடிங்கை எழுதி வாங்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் ஓடியிருந்தது.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். 9 வாட் எல்இடி பல்பு மூன்று, தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 4 யூனிட். டிவி 60 வாட், நான்கு மணி நேரம் ஓடினால் 7 யூனிட். சோறு ஆக்கும் குக்கர் தினம் அரை மணி நேரம் என்றால் 7, 8 யூனிட். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக்கு இஸ்திரிப்பெட்டி கால் மணி நேரம், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. போன் சார்ஜையும் சேர்த்தால் 27, 28 யூனிட். நீங்கள் அலகு என்கிறீர்கள், நாங்கள் யூனிட் என்கிறோம். மாதம் முப்பதுக்குள் அடங்குகிற வீடு அது. ஃபிரிட்ஜ் கிடையாது. வாஷிங் மெஷின் கிடையாது. அந்தக் குளிரில் ஹீட்டரும் கிடையாது, வெந்நீர் விறகடுப்பில்தான். இதற்குக் கீழே குறைக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் படிக்கும் விளக்கைத்தான் அணைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு முப்பது யூனிட் வீடு 2022 ஆகஸ்டுக்கு முன்பு மாதம் கட்டியது 105 ரூபாய்: யூனிட்டுக்கு 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். அந்த ஆகஸ்டில் அது 360 ஆனது. 2023 பிப்ரவரியில் யூனிட் 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய் என்று வந்ததும் அதே வீட்டின் பில் 1,300 ரூபாய். ஆறு மாத இடைவெளியில் பன்னிரண்டு மடங்குக்கு மேல். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். முன்பெல்லாம் காலையில் ஒரு மணி நேரம் கொழுந்து பறித்தால் அந்த மாதத்துக் கரண்ட் காசு தேறிவிடும். இப்போது ஒரு முழு நாள் பறித்து, மறுநாளும் சில மணி நேரம் பறிக்க வேண்டியதாயிற்று. அதிலும் 400 ரூபாய் சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே விழுந்துவிட்ட காசு. அரிசி, மா, மருந்து எல்லாமே விலையேறிக்கிடந்த நேரம் அது. வற் என்கிற மதிப்புக் கூட்டு வரியும் நான்கே மாதத்தில் 8இலிருந்து 12, 15 விழுக்காடு என்று ஏறியிருந்தது.

விலை ஏறவே கூடாது என்று கேட்க நான் வரவில்லை. இரண்டரை ரூபாய்க்கு ஒரு யூனிட் மின்சாரத்தை யாராலும் உண்டாக்க முடியாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். 2014 செப்டம்பரில் 25 விழுக்காடு குறைத்தார்கள். அதன்பின் எட்டு வருடத்துக்குக் கிட்ட ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மழை பொய்த்த வருடங்களில் எண்ணெய் எரித்துத்தான் விளக்கை எரியவிட்டார்கள். வரவுக்கும் செலவுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தை அரச வங்கிக் கடனும், பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு வைத்த பாக்கியும் மூடி மறைத்தன. டொலர் தீர்ந்ததும் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அப்புறம் பன்னாட்டு நாணய நிதியத்தின் கடன், உற்பத்திச் செலவுக்குச் சமமாகக் கட்டணம் இருக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனை. எட்டு வருடமாகத் தள்ளிப்போட்ட கணக்கு மொத்தமும் ஆறு மாதத்தில் நேர் செய்யப்பட்டபோது, அதில் அதிக விழுக்காடு உயர்வு விழுந்தது மிகக் குறைவாக எரிக்கிற வீடுகளின் தலையில். என் மனம் ஆறாதது இதில்தான்.

ஒரு விஷயத்தை மறுக்காமல் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் அந்த முப்பது யூனிட் பில்லை 450 ரூபாய்க்கு இறக்கினீர்கள். 2024இல் இரண்டு முறை குறைத்தீர்கள். 2025 ஜனவரியில் மின்சார சபை இருக்கும் கட்டணமே தொடரட்டும் என்று கேட்டபோதும் 20 விழுக்காடு குறைத்தீர்கள். அத்தைக்கு நிஜமாகவே மூச்சு வந்தது. ஆனால் அதே வருடம் ஜூனில் 15 விழுக்காடு மறுபடி ஏறியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்படி ஏறி இறங்கினால், மாதச் சம்பளத்தை அரிசிக் கடைக்கும் அடகுக் கடைக்கும் பங்கு போட்டு வாழும் வீடு எதை நம்பிக் கணக்குப் போடும்? குறைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டேதான் இதைக் கேட்கிறேன்: முதல் 30 யூனிட்டின் விலையையும் அதன் நிலையான கட்டணத்தையும் மட்டுமாவது குறைந்தது இரண்டு வருடத்துக்கு மாறாமல் நிறுத்த முடியாதா? அதற்கு ஆகும் காசை அரசு தரட்டும். தருகிற காசு எவ்வளவு என்பதை வரவு செலவுத் திட்டத்தில் தனிக் கணக்காக எழுதட்டும். சபையின் நட்டத்துக்குள் புதைத்து வைத்த சலுகை 2022இல் எப்படி வெடித்தது என்று எல்லோரும் பார்த்தோம்.

இங்கே எங்கள் கதையும் சுத்தமில்லை. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அத்தை வீடு கோத்தகிரியில் இருந்தால் இருமாத பில்லே இருந்திருக்காது. அந்தக் காசை அரசு மானியமாகத் தருகிறது. ஆனாலும் எங்கள் மின்வாரியத்துக்கு லட்சம் கோடிக்கு மேல் கடன். 2022 செப்டம்பரில் இங்கேயும் பல வருடம் கழித்துக் கட்டணம் ஒரேயடியாக ஏறி, நான் வயரிங் செய்த சிறு கடைக்காரர்கள் திண்டாடினார்கள். ஆகையால் எங்களைப் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சலுகை யாருக்கு, எவ்வளவு, யார் பணம் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் ஏழை வீடு கொஞ்சம் தைரியமாக இருக்கும் என்பதை மட்டும் இங்கே இருந்து பார்த்துச் சொல்கிறேன்.

சபை ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் கோளாறு, உடைத்துவிட்டால் சரியாகும் என்று பலர் சொன்னார்கள். 1969இல் தொடங்கிய இலங்கை மின்சார சபையைப் பிரிக்க 2024இல் சட்டம் வந்து, 2025இல் திருத்தமும் வந்துவிட்டது. எங்கள் வாரியத்தை 2010இல் பிரித்தார்கள், 2024இல் மறுபடி பிரித்தார்கள். கோத்தகிரியில் என் வீட்டு வாசலில் நிற்கும் கம்பம் அதே கம்பம்தான். அதிலிருந்து வரும் சர்வீஸ் வயரும் ஒன்றுதான். பில் பிடிக்கவில்லை என்று நான் வேறு யாரிடமும் மின்சாரம் வாங்க முடியாது. மஸ்கெலியாவில் அத்தையாலும் முடியாது. கம்பி ஒன்றுதான் இருக்க முடியும் என்கிற தொழிலில் வாங்குகிறவனுக்கு மிச்சமிருப்பது நடுவர் ஒருவர்தான். அந்த நடுவர் நீங்கள். அதனால்தான் இந்த மடலை மந்திரிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கட்டண உயர்வை எதிர்த்துப் பேசிய உங்கள் தலைவரை 2023 மே மாதம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். அவர் செய்தது எல்லாம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அன்று அந்தச் செய்தியைப் படித்தபோது, பில்லைத் திரைக்கு முன்னால் பிடித்த அத்தையின் கை ஞாபகம் வந்தது.

மலைக்காரர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குந்தா மின்திட்டம் கனடா நாட்டு உதவியில் கட்டியது. அந்த உதவி வந்த வழியின் பெயர் கொழும்புத் திட்டம். 1950 ஜனவரியில் உங்கள் தலைநகரில் காமன்வெல்த் நாடுகள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது அது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி அணைகளின் தண்ணீர் ஒரு மின்நிலையத்திலிருந்து அடுத்ததற்கு என்று இறங்கி இறங்கி, பில்லூர் வழியாகப் பவானிக்குப் போகிறது. அதற்கும் முன்னால் பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது. மலையில் உண்டாகும் மின்சாரம் முதலில் சமவெளிக்குப் போகும்; மலையின் உள்ளூர்களுக்கு மெதுவாகத்தான் திரும்பி வரும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நிலப் பிரச்சினையால் மின் இணைப்புக்குக் காத்திருந்தே வயதாகிப்போன, சிலோனிலிருந்து வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் மலையும் அப்படித்தான். மஸ்கெலியா ஓயாவின் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதிக்காட்டினார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. அப்புறம் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா டவுனே மூழ்கிப்போனது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் தலைகாட்டும். ஊரே போய்ப் பார்க்கும். தாத்தா சாகும்வரை அந்தக் கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் கொழும்பில் விளக்கெரித்த எத்தனையோ வருடம், அதன் கரையில் இருந்த லயங்களில் மண்ணெண்ணெய் குப்பி விளக்குதான். அத்தை காம்பராவுக்குக் கரண்ட் வந்ததே அவருடைய மூத்த மகன் பள்ளிக்கூடம் முடித்த பிறகு. அப்போதும் தனி மீட்டர் இல்லை. பக்கத்துக் காம்பராக் குடும்பமும் அதே மீட்டரில்தான் ரொம்பக் காலம் எரித்தது. இரண்டு குடும்பத்தின் 28 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 56 ஆகி, அடுத்த படிக்கு ஏறிவிடுகிறது. குறைவாக எரிக்கிறவனுக்கு என்று நீங்கள் வைத்த சலுகை அவன் கைக்குப் போய்ச் சேர்வதேயில்லை. இன்னும் இப்படி ஒரே மீட்டரில் ஓடும் லயங்களுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் வைக்க உத்தரவிடுங்கள். ஒரு மீட்டர், ஒரு மெயின் சுவிட்ச், சில மீட்டர் வயர். நாடு செய்கிற செலவுகளில் இது எந்த மூலைக்கு?

பெரிய செலவுகளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 பிப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய்த் தொட்டதால் தீவு முழுக்க இருண்டது என்று மந்திரி சொன்னார். குரங்கு ஏறி லைன் ட்ரிப் ஆவது எங்கள் மலையில் வாராவாரம் நடப்பது. போவது ஒரு ஊரின் கரண்ட். ஞாயிற்றுக்கிழமைப் பகல், தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் நிறைய, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனமான ஜெனரேட்டர்கள் சுழல்வது குறைவு. அந்த நிலையில் சின்ன அதிர்ச்சியையும் தாங்க முடியாமல் போயிருக்கிறது. பகல் வெயிலைச் சேமித்து இரவுக்கு வைக்க வழி வேண்டும். இங்கே எமரால்டுத் தண்ணீரை மேலே போர்த்திமந்து அணைக்கு ஏற்றித் திரும்ப இறக்கும் 500 மெகாவாட் திட்டத்துக்குப் பல வருடமாக வேலை நடக்கிறது. அங்கே மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு அப்படி ஒன்று திட்டமிட்டிருக்கிறீர்கள். கட்டுங்கள். ஆனால் அதன் கடனும் ஒரு நாள் கட்டணத்துக்குள் வந்து உட்காரும்; வரும்போது யார் பில்லில் எவ்வளவு என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டணத் தீர்மானத்திலும் எத்தனையோ அட்டவணை போடுகிறீர்கள். அதில் ஒரு வரி சேருங்கள்: முப்பது அலகு எரிக்கும் வீட்டின் மாத பில், தோட்டத் தொழிலாளியின் எத்தனை நாள் சம்பளம். 2024இல் அந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, கணக்குப் போடுவது சிரமமில்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்கும் அடுத்த அமர்வுகளில் ஒன்றை ஹட்டனில் வையுங்கள். தமிழில் வையுங்கள்; கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அறிவிப்பை ஒட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள், ஒரு நாள் சம்பளம் போகுமென்றால் யாரும் வரமாட்டார்கள்.

அத்தை வருவார். பழைய பில்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார், 105 ரூபாய்க்கு நெருக்கமாகக் கட்டியதிலிருந்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், ஆனால் எந்த மாதம் எவ்வளவு என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் சொல்வார். அவர் பேச வேண்டியதை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் ஐயா, நானே சொல்லிக்கிறேன் என்றார்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவில் ஓர் அத்தை உள்ள,
கோத்தகிரி வயரிங் தொழிலாளி