சான்சுயி கை மாறியது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுது. நாங்கள் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவாகிவிட்டது. அங்கே எங்களுக்கென்று ஒரே அறை. அதனால் சான்சுயி ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டேன்.

ஆமாம், சிங்கப்பூரில் வாங்கிய அதே ஏயூ-717தான். எழுபதுகளின் கடைசியில் வந்த மாடல், இடது வலது ஒவ்வொரு சேனலுக்கும் 85 வாட். சான்சுயி முதலில் டிரான்ஸ்ஃபார்மர் செய்துகொண்டிருந்த கம்பெனி. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே அது தெரியும். ஆனால் கனத்தை வைத்து மட்டும் அதை நல்ல வேலை என்று நான் சொல்லவில்லை. மூடியைக் கழற்றினால் எல்லாப் பாகத்துக்கும் கை எட்டும், போர்டிலேயே எண் அச்சடித்திருக்கும், சர்வீஸ் மேனுவலும் இன்றைக்குக் கிடைக்கிறது. திறந்து பழுதுபார்க்க முடிந்தால்தான் நல்ல கட்டுமானம் என்பேன். இப்போது வருகிற பலவற்றில் ஒரு சிப் போனால் போர்டையே தூக்கி எறிய வேண்டியிருக்கிறது.

விற்பதுதான் பெரும்பாடு. ஒரு வியாபாரி பழைய இரும்பு விலைக்குக் கேட்டார். இன்னொருவர், கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பாகம்), ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் டிரான்சிஸ்டர் எல்லாம் புதிதாக மாற்றிவிட்டால் விலை ஏறும் என்றார். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. பழைய ஜப்பான் டிரான்சிஸ்டர்களுக்குச் சந்தையில் போலி ஏராளம். பெயர் அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு வேறு. ஒழுங்காக ஓடுகிற அசலை எடுத்துவிட்டு அதைப் போட்டால் வாங்குகிறவனுக்குச் செய்கிற துரோகம்.

அவசியமான வேலையை மட்டும் செய்யச் சொன்னேன். அந்தக் காலத்தில் பாகங்கள் ஆடாமலிருக்க ஒரு பசை வைத்தார்கள். வருஷம் போகப் போக அது பழுப்பாகி, மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து, பக்கத்திலுள்ள கம்பிக் கால்களையும் அரித்துவிடும். நமக்குத் தெரிந்த மெக்கானிக் அதைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். வால்யூம், ஸ்விட்ச் கரகரப்புக்குக் கிளீனர் அடித்தார். ஸ்பீக்கரை இணைக்கிற தானியங்கி ஸ்விட்சான ரிலேயின் முனைகளைத் துடைத்தார். பிறகு சீரிஸ் பல்பு போட்டு, அதாவது உள்ளே பழுதிருந்தாலும் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயாமல் இருக்க லைனில் ஒரு பல்பைச் சேர்த்து, மெதுவாக உயிர் கொடுத்துப் பார்த்தார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். முப்பது வயதுகூட இராது. மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். பசை இருந்த இடம், முன்பக்கக் கீறல், எதையும் மறைக்கவில்லை. ஆன் செய்ததும் ரிலே 'டக்' என்று விழும்வரை காத்திருந்தான். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் மீட்டர் பிடித்தான். இரண்டு பக்கமும் சில மில்லிவோல்ட்தான், அப்படியென்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை. அரை மணி ஓடவிட்டு, சூட்டை வெளியேற்றுகிற உலோகத் தகடான ஹீட்சிங்க் இருபுறமும் ஒரே சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். அவ்வளவுக்கும் பிறகுதான் கொண்டுவந்த எக்கோ கம்பெனி ரெக்கார்டை வைத்தான். தபேலாவின் இடது கை அடி அறையை நிறைத்தது; பையன் வாயே திறக்கவில்லை. ரூ.40,000 கேட்டேன், பேரம் பேசாமல் கொடுத்தான். அதிகம் கொடுப்பவர் கிடைத்திருக்கலாம். ஆனால் தினமும் பாட்டுக் கேட்கிறவன் வீட்டுக்குப் போனதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

இனி உன் மராண்ட்ஸ் 2270 விஷயம், ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக உள்ள அந்த ரிசீவர். விற்கலாமா என்று கேட்டிருந்தாய். பாட்டுக் கேட்காமல் சும்மா கிடக்கிறதென்றால் விற்றுவிடு. மூடிக் கிடந்தால் கண்டன்சர்தான் முதலில் கெடும். டயல் பல்பு எரியவில்லை என்றால் மாற்று, அதற்குமேல் எதையும் தொடாதே. பல வருஷம் ஓடாததை நேரே பிளக்கில் செருகாதே, சீரிஸ் பல்பு வழியாகத்தான். பார்சலில் மட்டும் அனுப்பவே அனுப்பாதே. ஒரு தடவை கீழே போட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் கனமே அடிச்சட்டத்தை வளைத்துவிடும். வாங்குகிறவர் நேரில் வந்து, கேட்டுப் பார்த்து, காரில் எடுத்துப் போகட்டும்.

கோயம்புத்தூர்ப் பையனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவனுடைய நண்பன் ஒருவன் மராண்ட்ஸ் தேடிக்கொண்டிருக்கிறானாம். உன் முகவரியைக் கொடுக்கட்டுமா? வீட்டில் கலந்துபேசிவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்