பழைய பெட்டியும் தீர்ந்த பேட்டரியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ஓய்வு பெற்ற பிறகு உனக்குப் பொழுது எப்படிப் போகுமோ என்று நினைத்தேன். நீ லினக்ஸ் போட்டுப் பார்க்கும் அந்தப் பழைய வொர்க்ஸ்டேஷன் கணினி இருக்கும்வரை அந்தக் கவலை வேண்டாம் போலிருக்கிறது! நான் சுகம். கண்புரை எடுத்தாயிற்று, பொடி எழுத்தும் தெரிகிறது. அதனால்தான் உன் படத்தின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது.

கணினி எழுவதற்கு முந்தைய அமைப்புத் திரையில், அதாவது பயாஸ் திரையில், 2009 ஜனவரி என்று நிற்கிறதே, பார்த்தாயா? மதர்போர்டில் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காக்கும் சிஆர்2032 என்ற சின்னப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. லினக்ஸ் நன்றாக ஓடியது, பிளக்கைப் பிடுங்கி வேறு அறையில் வைத்ததும் டிஸ்க்கே இல்லை என்கிறது என்று புலம்பியிருந்தாய். டிஸ்க் எங்கும் போயிருக்காது. நிறுவும்போது சாட்டா அமைப்பை, அதாவது டிஸ்க்கோடு கணினி பேசும் முறையை, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றினாய் அல்லவா? மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை என்றானதும் பயாஸ் தன் பழைய அமைப்புக்கே போய்விட்டது. அப்டேட் செய்யும்போது சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்ததற்கும் இந்தக் கடிகாரமே காரணமாக இருக்கும். பேட்டரியை மாற்று, தேதியைத் திருத்து, ஏஹெச்சிஐ போடு. பூட் முறையையும், அதாவது கணினி எழும் முறையையும், பார்த்துக்கொள்: யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் நிறுவியது லெகசி என்ற பழைய முறையில் எழாது.

பூட் ஆகும்போது திரை கறுத்துப்போகிறது என்றும் எழுதியிருந்தாய், அது வேறு சங்கதி. எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனு வருகிறது என்றால் டிஸ்க்கும், லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரும் சரி. கறுத்த பிறகு கேப்ஸ் லாக்கைத் தட்டு. விளக்கு எரிந்து அணைந்தால் லினக்ஸின் மையமான கெர்னல் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை. கிரப் மெனுவில் ஆங்கில 'e' விசையை அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்து, எஃப்10 அழுத்து. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் அது, எதுவும் கெடாது. படம் வந்துவிட்டால் வீடியோ டிரைவர்தான் குற்றவாளி.

உன் குவாட்ரோ வீடியோ கார்டு ஃபெர்மி என்ற பழைய தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால், அதைச் செய்த என்விடியா நிறுவனத்தின் சொந்த டிரைவரைத் தேடி அலையாதே. அதற்கான 390 வரிசைக்கு 2022-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, புதுக் கெர்னலோடு மல்லுக்கட்ட வேண்டும். லினக்ஸோடு வரும் நூவோ என்ற டிரைவரே போதும். வேகம் குறைவுதான், ஆனால் நீ கட்டுரை எழுதப்போகிறாய், முப்பரிமாணப் படமா வரையப்போகிறாய்? நோமோட்செட்டை நிரந்தரமாக வைத்துவிடாதே, நூவோவும் வேலை செய்யாது. மானிட்டர் வயரை டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டிவிஐக்கு மாற்றியும் பார். சில நேரம் அவ்வளவுதான் விஷயம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், மறுபடி மறுபடி நிறுவுவதை நிறுத்து. தடயத்தையெல்லாம் நீயே அழித்துவிடுகிறாய். அடுத்த முறை நின்றால், மறுபடி பூட் ஆனதும் ஜர்னல்சிடிஎல் (journalctl) என்ற கட்டளையைக் கொண்டு முந்தைய பூட்டின் பதிவைப் பார். எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளை காட்டும் வீடியோ கார்டின் பெயரையும் எழுது, அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்