மஞ்சள் பூ பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மஞ்சள் கரிசலாங்கண்ணிக் கீரை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால் அதனுடன் வெளியான படம் வேறு செடியுடையது. பூங்காக்களில் தரையை மூடப் படரவிடும் அமெரிக்கச் செடியான ஸ்பாக்னெட்டிக்கோலா டிரைலோபேட்டா அது. கீரைக்கும் மருந்துக்கும் உரியது ஸ்பாக்னெட்டிக்கோலா கலெண்டுலேசியா. சித்த மருத்துவர்கள் பொற்றலைக் கையாந்தகரை என்பார்கள். நர்சரிகளிலும் இந்த ஆள்மாறாட்டம் நடக்கிறது என்பதால்தான் எழுதுகிறோம்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர் மாற்றம். நம் மூலிகையை 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வெர்பெசினா என்னும் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்தார். பிறகு அது வெடேலியாவுக்குப் போனது; அமெரிக்கச் செடியும் அங்கேயே சேர்ந்தது. கனியின் அமைப்பை நுணுகி ஆராய்ந்தபோது இரண்டும் அசல் வெடேலியாக்களோடு ஒட்டவில்லை. 1996இல் தாவரவியலாளர் புரூஸ்கி இரண்டையும் ஸ்பாக்னெட்டிக்கோலாவுக்கு மாற்றினார். ஆகவே பழைய நூல்களின் வெடேலியா கலெண்டுலேசியா, வெடேலியா சைனென்சிஸ் இரண்டுமே நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிதான். வெறுமனே 'வெடேலியா' என்று எழுதிய சீட்டை மட்டும் நம்பிச் செடி வாங்கக் கூடாது.

வெள்ளைக் கரிசலாங்கண்ணி எக்லிப்டா என்னும் தனிப் பேரினம். ஆனாலும் நெருங்கிய உறவு: சென்னையில் வேதியியலாளர் கோவிந்தாச்சாரி குழுவினர் மஞ்சள் செடியில் ஆராய்ந்து 1956இல் அமைப்பை வெளியிட்ட வெடெலோலாக்டோன் என்னும் வேதிச்சேர்மம் வெள்ளையிலும் உண்டு.

அடையாளம் காண இலையைப் பாருங்கள், பூவை அல்ல. மஞ்சள் செடிகள் இரண்டின் பூவும் ஏறக்குறைய ஒரே அளவு. நம் மூலிகையின் இலை குறுகி நீண்டது, அகலம் பெரும்பாலும் 2 செ.மீ.க்குள், தொட்டால் சொரசொரக்கும், விளிம்பு வெட்டின்றியோ ஓரிரு பற்களுடனோ இருக்கும். அமெரிக்கச் செடியின் இலை அகன்று, தடித்து, பளபளக்கும். பக்கத்துக்கு ஒரு மடலாகப் பிரிந்து மூன்று மடலாகத் தெரியும். இளந்தளிரில் மடல் சரியாகத் தெரியாது. பலர் ஏமாறுவது அங்கேதான். தண்டின் நடுவிலுள்ள ஐந்தாறு இலைகளையாவது ஒப்பிட வேண்டும். வெள்ளைச் செடியில் சிக்கலே இல்லை: பூ 1 செ.மீ.க்கும் குறைவு, இலையைக் கசக்கினால் சிறிது நேரத்தில் சாறு கறுக்கும்.

அமெரிக்கச் செடி உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இருப்பது. ஒவ்வொரு கணுவும் வேர்விடும். கத்தரித்த தண்டுகளை வாய்க்கால் கரையில் கொட்டினால் நீரோடு போய் ஒதுங்கிய இடத்திலெல்லாம் முளைக்கும். அப்படிப் பரவினால், ஈரமண்ணை விரும்பும் நம் மூலிகைக்கு வரப்போரத்தில் இடமிருக்காது. தெற்குச் சீனாவில் இவ்விரண்டின் கலப்பினமும் பதிவாகியிருக்கிறது. வெட்டியதை சிமெண்ட் தரையில் பரப்பிச் சருகாகும்வரை உலர்த்திய பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். உரக்குழியில் பச்சையாகப் போடவே கூடாது.

மூன்று செடிகளின் இலைகளையும் அருகருகே வைத்து, இன்றைய தாவரவியல் பெயருடன் திருத்தப் படம் ஒன்றை வெளியிட வேண்டுகிறோம். படத்தைப் பார்த்துக் கீரை பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தாவர வகைப்பாட்டு ஆசிரியர்கள்,
திருச்சி