ஆய்வு மாணவருக்கு ஒரு நெறியாளர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிசியசில் நம்மவர் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றால் கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி, படத்தோடு செய்தியும் வெளியிட்டு மகிழ்கிறோம். அந்தப் படிப்பைப் பாதியில் விட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் வரை போய்த் திரும்பியவள் நான். அதனால்தான், ஆய்வு மாணவருக்கு நெறியாளரோடு ஓர் ஆலோசனைக் குழுவும் முதல் ஆண்டிலிருந்தே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி இதை எழுதுகிறேன்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாத்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர் குடியேற்றப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள் எழுதப்பட்ட விதமே என் ஆய்வுப் பொருள். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆனது எழுத்தரின் காதாலா, கையாலா, சொன்னவரின் ஊர் வழக்காலா என்று தீர்மானிக்கத் தமிழறிவோடு கரும்புத் தோட்ட வரலாறும், அக்கால எழுத்தர்களின் பிரெஞ்சு, ஆங்கில எழுத்து வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் முதல் நெறியாளர் தமிழில் கரைகண்டவர். என்மீது அக்கறை மிகுந்தவர். ஆயினும் மூன்றாம் ஆண்டில் அவர் ஓய்வுபெற்றபின் பொறுப்பேற்றவர், "இது வரலாற்றுத் துறைக்குப் போக வேண்டிய வேலை" என்று சொல்லி, முன்னவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்த இரண்டு இயல்களை ஒதுக்கிவிட்டார். ஒப்புக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. என் வேலையை அறிந்த வேறொருவரும் அங்கே இல்லை. 14 மாத உழைப்பு வீணானது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக நான்கைந்து பேராசிரியர்கள் கொண்ட குழு, தகுதித் தேர்வு, ஆய்வு முன்மொழிவு, இறுதி வாய்மொழித் தேர்வு என ஒவ்வொரு கட்டத்திலும் மாணவரோடு உட்காருகிறது. நெறியாளர் விலகினாலும் அந்த ஆய்வு எங்கே நிற்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். அது போதாதென்றால் குழு காரணத்தைப் பதிவு செய்து, திருத்திக்கொள்ள வழியும் சொல்ல வேண்டும். சில இடங்களில் இது கையெழுத்துச் சடங்காகிவிடுகிறது என்று அங்கே படித்த என் தோழியர் வருந்துவதுண்டு.

அந்தக் குறைக்கு மருந்து நம் பக்கத்துத் தீவான ரெயூனியனிலேயே இருக்கிறது. அங்கே செல்லுபடியாகும் பிரெஞ்சுச் சட்டம் 2016இல் ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் தனிக் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றது. 2022இல் திருத்தப்பட்டபின், ஆண்டுதோறும் மறுபதிவுக்கு முன் குழு கூட வேண்டும். முதலில் மாணவர் தம் ஆய்வை விளக்குவார், பின்பு நெறியாளர் இல்லாமல் மாணவரோடும், மாணவர் இல்லாமல் நெறியாளரோடும் குழு தனித்தனியே பேசும். பூசல், பாகுபாடு, தொல்லை ஏதேனும் தெரிகிறதா என்று பார்ப்பதும் அதன் கடமை. நெறியாளர் அருகில் இருக்கும்போது எந்த மாணவர் வாய் திறப்பார்? அந்தத் தனி உரையாடலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். பலமுறை வேண்டியபின் மூன்று ஆசிரியர்கள் ஒரே ஒரு முறை என்னோடு அமர்ந்தார்கள். 1834 முதல் 1910 வரையிலான பதிவேடுகள் முழுவதையும் எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னேன். வரலாற்றாசிரியர் மேசைமேல் இருந்த நகல் பக்கத்தைத் தம் பக்கம் இழுத்து, பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல் என்று பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். "ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அம்மா, ஓர் ஆயுள் போதாது. பத்து ஆண்டுகளை எடுங்கள், அதை ஆழமாகச் செய்யுங்கள்" என்றார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எதை விடலாம் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒதுக்கப்பட்ட இயல்களில் ஒன்று, சுருங்கிய வடிவில், அன்றே ஆய்வேட்டுக்குள் திரும்பியது.

சின்னத் தீவில் குழுவுக்கு ஆள் கிடைப்பது அரிது என்பார்கள். கிடைப்பவர்களும் ஒருவருக்கொருவர் உறவினராகவோ ஒரே கோயில் சபையினராகவோ இருப்பார்கள் என்பதும் மெய். அதனாலேயே குழுவில் ஒருவர் வெளியூர்க்காரராக இருப்பது நல்லது. ரெயூனியனிலோ, டர்பனிலோ, தமிழ்நாட்டிலோ இருப்பவர் காணொளி வழியாக ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நம் உயர்கல்விப் பொறுப்பாளர்கள் புதிய விதி எதுவும் எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது பதிவு செய்திருக்கும் மாணவர்களுக்கு இந்த ஆண்டிலேயே குழு அமைத்து, ஒவ்வொரு கூட்டத்தின் முடிவையும் எழுதி, அதன் நகல் ஒன்றை அன்றே மாணவர் கையில் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரிசியஸ்