மரம் ஒருவருக்கு, மண் ஒருவருக்கு

ஹருக்கு தீவு
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் மழை. ஜாவாவில் வெயில் காயும் ஜூன், ஜூலையில்தான் இந்தோனேசியாவின் கிழக்கே இந்த மலுக்கு தீவுகளில் அடைமழை கொட்டும். கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் துலேஹு துறையிலிருந்து இங்கே வரும் ஸ்பீடு போட்டுகள் நாள்கணக்கில் கட்டியே கிடக்கும். நேற்றுத்தான் கடல் கொஞ்சம் அடங்கியது.

அப்பாவின் தோப்பைப் பாகம் பிரித்து, உன் பங்கையும் தம்பி பங்கையும் சேர்த்தே விற்றுவிட்டோம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பாளையங்கோட்டை விடுதியிலிருந்து லீவுக்கு உன்னோடு வந்து அந்தக் கிணற்று மேட்டில் படுத்துக் கிடந்த மத்தியானங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. வேறு வழி இல்லாமல்தான் செய்திருப்பாய், எனக்குத் தெரியும். அம்மாவின் மருத்துவச் செலவுக்கு முன்னால் தோப்பு பெரிதில்லை.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய்: "பத்துப் பன்னிரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாயே, எவ்வளவு நிலம் வாங்கிப் போட்டிருக்கிறாய்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

சட்டப்படி என் பெயரில் ஒரு அடி மண்கூடக் கிடையாது. 1960-ஆம் வருட நிலச் சட்டத்தின்படி முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்வது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரன் கைக்கு அப்படி ஒரு நிலம் வந்தால் ஒரு வருடத்துக்குள் விட்டுவிட வேண்டும். என்னைக் கட்டிக்கொண்டதால் இந்த ஊர்க்காரியான என் மனைவிக்கும் சிக்கல் வந்தது. சொத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாத கல்யாணம் என்றால் வாங்குவதெல்லாம் இருவருக்கும் பொது. பொது என்றால் அதில் ஒரு வெளிநாட்டுக்காரனும் பங்காளி. கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும், எங்களுக்கு அது தெரியாது. 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம்தான் அம்போன் நகரத்துக்குப் போய் நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனால் இந்த ஊரில் அந்தக் காகிதம் பாதிக் கதைதான். இங்கே நிலம் என்றால் ஒரே வகை கிடையாது. ஊருக்குப் பொதுவான நிலம் ஒன்று. 'டாட்டி' என்று ஒன்று, அது குடும்பக் கிளைக்குச் சொந்தம். அப்புறம் 'புசாகா', அதாவது தாத்தா பாட்டி காடு வெட்டித் திருத்தியோ வாங்கியோ விட்டுப்போனது. டாட்டிக்குப் பின்னால் ஒரு வலியான வரலாறு உண்டு. டச்சுக் கும்பெனி கிராம்பை இந்த நாலு தீவில் மட்டும், அதாவது அம்போன், ஹருக்கு, சபாருவா, நுசாலாவுட்டில் மட்டும் வளர விட்டு, மற்ற இடங்களில் மரங்களை வெட்டிச் சாய்த்தது. அப்படி மரம் வெட்டவும் காவல் காக்கவும் போன கும்பெனிப் படகுகளுக்குத் துடுப்புப் போட ஆள் கொடுத்தது இந்த ஊர்க் குடும்பங்கள்தான். அந்த ஊழியக் கணக்கும் நிலக் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தவை. 1814-ல் எழுதிய டாட்டிப் பதிவேட்டை வக்கீல்கள் இன்றைக்கும் நீதிமன்றத்தில் எடுத்து நீட்டுகிறார்கள்.

டாட்டி நிலத்தில் குடும்பத்தாருக்கு இருப்பதை 'ஹாக் மாக்கான்' என்பார்கள். அப்படியே தமிழில் சொன்னால் உண்ணும் உரிமை. விற்க முடியாது, உண்ணலாம். பெண் பிள்ளைக்கு அந்த உரிமை கல்யாணம் வரைக்கும்தான், பிறகு அது புருஷன் வீட்டுத் தோப்பில். புருஷன் வீட்டுக்கு இங்கே தோப்பே இல்லாததால் என் மனைவி கதை கஷ்டமாகியிருக்கும். நல்லவேளை, எங்கள் வீடு நிற்பது புசாகா மண்ணில். அதில் மகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் மனைவியின் பெரியப்பா தன் டாட்டித் தோப்பில் ஒரு துண்டைக் காட்டி, "மரவள்ளி போட்டுக்கொள், வாழை போட்டுக்கொள்" என்றார். போட்டேன், நன்றாக வந்தது. மூலையில் கொஞ்சம் நிழல் இருந்தது. அம்போன் சந்தையிலிருந்து ஒரு ஜாதிக்காய்க் கன்று வாங்கிவந்து அங்கே நட்டேன், சுற்றி மூங்கில் தப்பைகளால் வேலியும் கட்டினேன். பெரியப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார், காபி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். எழுந்து போகும்போது என் மனைவியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது. அன்று ராத்திரி அவள்தான் எனக்கு விளக்கினாள். மரவள்ளி, வாழை எல்லாம் வருஷத்தோடு போவது. மரம் அப்படி இல்லை. இங்கே மரம் நட்டவனுக்கு. அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகளுக்கு. மண் ஒருவருக்கும் அதில் நிற்கும் கிராம்பு இன்னொருவருக்கும் இருப்பது இந்த ஊரில் சகஜம். மரத்துக்காரன் பறிக்க வந்தால் மண்ணுக்காரன் வழி விட்டாக வேண்டும். ஆகவே இரவல் மண்ணில் மரம் நடுகிறவன், "நான் போகப்போவதில்லை" என்று ஊருக்குச் சொல்கிறான். நான் நட்ட அந்த ஒரு முழக் கன்று, பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் முன்னால் என் பிள்ளைகள் போட்டுவைத்த வழக்கு மாதிரி.

விடிந்ததும் போய்ப் பிடுங்கினேன். வேர் அறாமல் மண்ணோடு தோண்டி எடுத்து, அரிசிச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, பெரியப்பா வீட்டு வழியாகத்தான் நடந்து வந்தேன். அவர் வாசலில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கூடவே நடந்து வந்து, எங்கள் வீட்டுக் கொல்லையில் எங்கே குழி எடுக்க வேண்டும் என்று அவரே காலால் கோடு போட்டுக் காட்டினார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. அவரைப் போல ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

உனக்குக் கிராம்பு மரம் புதிதில்லை. 1800 வாக்கில் இங்கிலீஷ் கும்பெனி உங்கள் குற்றாலத்தில் கிராம்பைக் கொண்டுவந்து வைத்தது. அதன் தாய்வீடு இந்த மலுக்குதான். பறிப்புக் காலத்தில் வந்தால் ரோடு ஓரமெல்லாம் பாய் விரித்து மொட்டு காயப் போட்டிருப்பார்கள். வாசனை துணியிலும் தலையணையிலும்கூட ஏறிவிடும். 1990-களில் கிராம்பை ஒரே அமைப்புக்குத்தான் விற்க வேண்டும் என்று ஜகார்த்தாவில் ஏற்பாடு செய்தபோது விலை விழுந்து, ஏறிப் பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் மரத்திலேயே பூக்க விட்டார்களாம். மாமியார் அதைச் சொல்லும்போது இப்போதும் குரல் உடையும்.

மண்ணும் மரமும் இருக்கட்டும், மீன் கதை கேள். எங்கள் ஊர் ஆற்றின் பெயர் லியாரிசா கயேலி. அதன் முகத்துவாரத்தில் லோம்பா என்ற மீன் கூட்டம் கூட்டமாக ஏறும். நம் பொருவா இனம்தான். அந்த மீனை முதலில் கூட்டிவந்தது ஒரு பெண் முதலை என்று ஊரில் கதை. செராம் தீவில் ஒரு பெரிய பாம்பைக் கொல்லத் துணைக்குப் போய், சன்மானமாக மீன்களோடு திரும்பிய முதலை. குஞ்சு மீன் கரையோரம் தெரிந்ததுமே 'சாசி' போட்டுவிடுவார்கள். சாசி என்றால் தடை. காலம் வரும்வரை யாரும் எடுக்கக் கூடாது. காவலுக்குக் 'கெவாங்' என்று ஊர்க் காவலர் குழு உண்டு. அந்த மாதங்களில் ஆற்றில் வலை வீசக் கூடாது, எஞ்சினை ஓடவிட்டுப் படகு கொண்டுவரக் கூடாது, சமையல் சாமான் கழுவக் கூடாது, குப்பை போடக் கூடாது. மீறினால் அபராதம். சின்னப் பிள்ளை மீறினால் பிரம்பால் ஐந்து அடி, ஊரின் ஐந்து பெரிய குலத்துக்கும் ஒவ்வொன்று. 1985-ல் அரசாங்கம் இந்த ஊர்க் கெவாங்குக்குத் தன் சுற்றுச்சூழல் விருதைக் கொடுத்தது. விருதின் பெயர் கல்பதரு, நம் கற்பகத் தருவேதான்! கெவாங் தலைவராக நெடுங்காலம் இருந்த எலிசா கிஸ்ஸா 2010-லும் அதைப் பெற்றார்.

வருஷத்தில் ஒரு நாள் சாசியைத் திறப்பார்கள். முந்தின ராத்திரியே காய்ந்த தென்னை ஓலையைக் கற்றையாகக் கட்டிக் கொளுத்தி ஆற்றுவாயில் வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சத்துக்கு மீன் உள்ளே வரும். விடிவதற்குள் திஃபா முரசு சொல்லி வைத்தாற்போல் மூன்று தரம் கேட்கும். மூன்றாவது முரசுக்கு ஊரே கரையில் நிற்கும். கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், அம்போனிலிருந்து வந்த சொந்தங்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும். முதல் வலை ராஜா வீசுவார். ஊர்த்தலைவரைத்தான் ராஜா என்பார்கள். அவர் வலை தண்ணீரைத் தொட்டதும் அத்தனை பேரும் இறங்கிவிடுவோம். போன தடவை என் சின்ன மகள் பாவாடையிலேயே அள்ளினாள். தண்ணீருக்குள் காலில் மீன் மோதும், எண்ண முடியாது, வெள்ளிக்காசைக் கொட்டிக் கலக்கின மாதிரி இருக்கும். அன்றைக்கு யாரும் யாரையும் "நீ எந்த ஊர், எந்தக் குலம்" என்று கேட்பதில்லை. எனக்கும் அந்த ஒரு நாள் முழுப் பங்கு.

இதே தீவில் கைலோலோ என்று ஒரு ஊர். அங்கே கடற்கரை மணலில் ஒருவகைக் காட்டுக்கோழி ராத்திரியில் வந்து குழி பறித்து முட்டை இட்டுப் போகும், அடைகாப்பது மணல் சூடுதான். அந்த முட்டையைத் தோண்டும் உரிமையை ஊர் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் தவிர வேறு யாரும் மணலைக் கிளறக் கூடாது. பறவைக்குச் சொந்தக்காரன் இல்லை, மணலுக்கும் இல்லை, தோண்டுவதற்கு மட்டும் ஆள் உண்டு.

எல்லாம் சுமுகம் என்று எண்ணிவிடாதே. 2022 ஜனவரியில் இந்தத் தீவிலேயே பெலாவ் பக்கத்தாருக்கும் காரியு ஊருக்கும் நில எல்லையில் தகராறு முற்றி, காரியுவில் வீடுகள் எரிந்தன. மக்கள் கையில் அகப்பட்டதோடு அபோரு என்ற ஊருக்கு ஓடினார்கள். 1999-ல் தொடங்கிய மதக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை அது. மறுபடியும் அதே ஓட்டம். ஏட்டில் இல்லாத எல்லையைப் பெரியவர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களின் ஞாபகமும் வேறு வேறாகிவிட்டால் என்ன செய்வது? இதை யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்போ அந்த டாட்டித் தோப்புக்குப் பட்டா வாங்கிவிடலாமே என்பாய். மைத்துனனும் அதைத்தான் சொல்கிறான். நாடு முழுவதும் நிலத்தை அளந்து சான்றிதழ் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. அம்போனில் கடை போட அவனுக்குப் பணம் வேண்டும், சான்றிதழ் இருந்தால் பேங்கில் கடன் கிடைக்கும். அவன் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் காகிதத்தில் பெயர் எழுத ஒரு கட்டம்தான் இருக்கிறது. யார் பெயர்? பெரியப்பா பெயரா? அவருக்குப் பின்? மரத்துக்காரன் எங்கே வருவான்? அளக்க வந்தவர்களிடம் நான் இதைக் கேட்டேன். மரத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, மண் மட்டும்தான். காட்டைப் பொறுத்தவரை 2013-ல் அரசியல் சாசன நீதிமன்றம், மரபுவழிச் சமூகங்களின் காடு அரசாங்கக் காடு ஆகாது என்று சொல்லிவிட்டது. அது பெரிய காரியம். ஆனால் எங்கள் கொல்லைக் கிராம்புக்கு இன்னும் ஒரு வரி எழுதப்படவில்லை. போன மாதம் குடும்பத்தார் எல்லோரும் கூடி ராத்திரி ஒரு மணிவரை பேசினார்கள். முடிவு வரவில்லை. என் கருத்தைக் கேட்டார்கள். எனக்கு அந்த இடத்தில் பேச உரிமை இல்லை என்றுதான் சொன்னேன். மனதுக்குள் எனக்கு அந்தத் தோப்பு பிரியக் கூடாது. உன் தோப்பு நினைவோடுதான் இதை எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான்: மனைவி பெயரில் வீடு நிற்கும் புசாகா மண், பெரியப்பா விட்டால் மரவள்ளி போட ஒரு துண்டு, வருஷத்தில் ஒரு நாள் ஆற்று மீன். அப்புறம், என் கையால் நட்ட ஒரு ஜாதிக்காய் மரம். அது என்னுடையது என்பதில் இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பூக்கும்வரை எது என்று தெரியாது, காய்ப்பது பெண் மரம்தான். ஆறு வருஷம் ஆகிவிட்டது, என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது, இன்னும் பூக்கவில்லை. பெரியப்பா வாரம் ஒரு தரம் வந்து ஒரு கிளையை வளைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, அதை முதலில் எழுது. தோப்பை வாங்கினவர் கிணற்றை மூடாமல் வைத்திருக்கிறாரா என்றும் எழுது.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்